அடித்த பாட்டுகள்

கெடிலம் மெலோடீஸ் இருப்பது
லாரன்ஸ் ரோட்டில், ஒரு டயர் கடை மாடியில்.
படியேறும்போதே புது ரப்பர் வாசனை.
கீபோர்டு லூர்துநாதன்
நாற்காலியில் சுருண்டு கிடந்த ஒயர்களை
பாம்பைத் தூக்குவதுபோல் தூக்கி ஓரமாய்ப் போட்டு
அப்பாவை உட்காரச் சொன்னார்.
என் கையில் மூன்று ஜெராக்ஸ் தாள்.
நூற்றுப் பன்னிரண்டு பாட்டு.

"ஏழு மணிக்குப் பிள்ளையார்.
பத்துக்கு மைக் ஆஃப்,
மஞ்சக்குப்பத்துல அதுல பேச்சே கிடையாது.
நடுவுல ஒரு நாப்பது தாங்கும்.
டிக் அடிங்கம்மா."

கலியபெருமாள் சித்தப்பா முந்திக்கொண்டு
பதினாலுக்கு டிக் அடித்தார், கண்ணை மூடி முனகியபடி.
சித்தப்பா, அது முடியும்போது
அவள் கடலில் இறங்கிவிடுவாள்.
"அதனாலென்ன, மெட்டு எப்படி?"

அப்பா தேர்ந்த இருபதில்
ஏழு சாவில் முடிகிறது,
நாலு பிரிவில்,
ஒன்று காசநோயில்.
இத்தனை வருஷமாக இவற்றைக் கேட்டுக்கொண்டே
இந்த மனிதர் சந்தோஷமாகத்தான்
கணக்கு எழுதியிருக்கிறார் உரக்கடையில்.

இளவேனிலின் குரல் போனில் வந்தது:
"அண்ணி, கடைசி அரை மணி டிஜே இல்லன்னா
என் ஃப்ரெண்ட்ஸ் பந்தியோட கிளம்பிடுவாங்க."
டிஜே வந்தால் ரசம் இலையில் நிற்காது என்றார் அப்பா.
பேசித் தீர்த்தோம்.
முப்பது நிமிஷம்.
பெட்டியின் முகம் பந்தி பக்கம் திரும்பக் கூடாது.
லூர்துநாதன் அதை ஒப்பந்தத்தில் எழுதி
கோடும் போட்டார் அடியில்.

ஐம்பத்தேழில் என் பேனா நின்றது.

அதன் இரண்டாம் சரணத்தை
ஒருவன் தப்பாகத்தான் பாடுவான் எப்போதும்,
பாண்டி பஸ்ஸில், கன்னியக்கோவில் தாண்டியதும்,
ஜன்னல் கம்பியில் தாளம் தட்டியபடி.
இப்போதும் எங்காவது அது ஒலித்தால்
சரியான வரிதான்
எனக்குப் பிழையாகக் கேட்கிறது.

ஒன்றை மட்டும் அடித்தால்
ஏன் என்று கேட்க ஆள் இருக்கிறது.
பக்கத்தில் இருந்த பாவத்துக்கு
ஐம்பத்தாறையும் ஐம்பத்தெட்டையும் சேர்த்து அடித்தேன்.
"அம்பத்தெட்டு நல்ல பாட்டாச்சேம்மா."
ரொம்ப இழுவைப்பா.

தாளைப் படமெடுத்து தெய்வீகனுக்கு அனுப்பினேன்.
மறுநாள் ராத்திரி திரும்பி வந்தது,
அவர் டிக் எல்லாம் பச்சையில்.
கேலியாக ஒரு குறிப்பு, சித்தப்பாவின் பதினாலுக்கு எதிரே:
"நீச்சல் தெரிந்த நாயகி இருந்தால் சம்மதம்."
சிரித்துக்கொண்டே பக்கம் தள்ளினேன்.

தொண்ணூறு.
தொண்ணூற்றொன்று.
தொண்ணூற்றிரண்டு.
மூன்றையும் அடித்திருந்தார்.
ஓரத்து இரண்டும் பேருக்கு ஒரு கோடு.
நடுவில் இருந்தது படிக்க முடியாதபடி.

சமையலறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு
சத்தம் குறைத்து
அந்த நடுப்பாட்டைப் போட்டேன்.
என் தாளில் எண்ணுக்கு நேரே முதலடி இருக்கிறதே.
சுமாரான பாட்டுதான்.
ஆனாலும் இரண்டாம் சரணம் வந்தபோது
காதைத் தீட்டிக்கொண்டேன்,
இதில் எந்த வார்த்தையை
அவள் தப்பாகப் பாடியிருப்பாள்?

குடம் நிறைந்து வழிந்து
கால் நனைந்தது.

லூர்துநாதன் கூப்பிட்டார்.
"ரெண்டு வீட்டாரும் அடிச்சதுல
ஆறு பாட்டு குறையுதும்மா. ரொப்ப என்ன போடட்டும்?"
வார்த்தை இல்லாததா ஏதாவது வாசிங்க, என்றேன்.
"சாப்பாட்டு நேரத்துக்கா?"
இல்லை.
நாங்க ரெண்டு பேரும் மேடைல
பக்கத்துல பக்கத்துல நிக்கிற நேரத்துக்கு.
"அப்ப வயலின் ஆளு தனியாச் சொல்லணும்," என்றார்,
"ரெண்டாயிரம் கூட ஆகும்."

ஆகட்டும் என்றேன்.